தவில்காரரோட இடது கை எங்கய்யா போச்சு?

எச்சரிக்கை: பதிவு நீளம். கொஞ்சம் சூடும் கூட. கல்யாண வீடியோ எடுக்கிற தொழில்ல இருக்கிற நண்பர்கள் ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் படிக்கவும். வீட்டுக்கு ஆட்டோ அனுப்புற யோசனை இருந்தா, கடைசிப் பாராவைப் படிச்சிட்டு அனுப்பவும் :-)

ரெண்டு மாசம் முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தம்பி வீட்டு வாசல்ல வந்து நின்னாப்ல. முகம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, பேரு வரல. "அண்ணே, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கப்பாதான் தவில் வாசிச்சாக. அப்பா போன வருஷம் தவறிட்டாக. அந்த டிவிடி இருந்தா ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்"னாப்ல.

தங்கச்சி கல்யாணம் 2009-ல, இங்கதான் காரைக்குடியில. வீடியோ மூணு டிவிடி. பரண்ல இருந்து எடுத்துத் தூசி தட்டி, ஓடுற பிளேயர் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். ஏன் கேக்கறீகன்னேன். அந்தத் தம்பியும் தவில்காரர்தான். கெட்டி மேளத்துக்கு முன்னால அவுக அப்பா ஒரு சின்னத் தீர்மானம் வைப்பாராம். அது எப்படின்னு கேட்டா சொல்ல மாட்டாராம். "பாத்துக்கடா" அவ்வளவுதானாம். இப்ப பாக்க ஆள் இல்ல.

மூணு டிவிடி. மொத்தம் நாலு மணி நேரம் பத்து நிமிஷம். அதுல தவில்காரர் ரெண்டு கையும் தெரியற மாதிரி இருக்கிறது எவ்வளவு நேரம்? நிறுத்தி நிறுத்தி எண்ணிட்டோம். முப்பத்தெட்டு விநாடி.

அந்த முப்பத்தெட்டு விநாடியும் எங்க வருதுன்னா, மாப்பிள்ளை அழைப்புல. தெருவுல நின்னு, தோள்ல தவிலை மாட்டிக்கிட்டு, வீடியோ லைட்டு வெளிச்சத்துல பிச்சு உதறுறாரு மனுசன். வலது கை விரல் அஞ்சும் தெரியுது, இடது கைக் கழியும் தெரியுது. ஆனா கேக்கிறது என்ன? சினிமாப் பாட்டு! எடிட்டிங்ல மேளச் சத்தத்தை மொத்தமா துடைச்சிட்டு மேல ஒரு டூயட்டை ஒட்டிட்டாக. முகூர்த்த நேரத்துல மட்டும் நிஜச் சத்தம் இருக்கு. அங்க பாத்தா போட்டோகிராபரோட இடுப்பு தவிலோட இடது பக்கத்தை முழுசா மறைச்சிக்கிட்டு நிக்குது.

கை தெரியற இடத்துல சத்தம் இல்ல. சத்தம் இருக்கிற இடத்துல கை இல்ல. நாலு மணி நேரம் பத்து நிமிஷம்.

அன்னிக்கு ஏறின கோபம்தான் இந்தப் பதிவு.

*

தவில் பத்தித் தெரியாதவங்களுக்குச் சின்னதா. பலா மரத்தைக் குடைஞ்சு செய்யற மேளம். வலது பக்கம் வலந்தலை. விரல்ல பசையும் துணியும் சுத்திக் காய வச்ச கூடு மாட்டிக்கிட்டு விரலால வாசிக்கிறது. இடது பக்கம் தொப்பி. அது கழியால. பூவரசங்கழியைத்தான் விசேஷமாச் சொல்லுவாக. ஒரே ஆள், ஒரே வாத்தியம். ஆனா ஒரு கை விரல் பேசும், ஒரு கை கம்பு பேசும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சொல்லு. வலது கையை மட்டும் காட்டிட்டு தவிலைக் காட்டினதா நினைக்கிறது, ஒருத்தர் பேசறதை மேலுதட்டை மட்டும் வீடியோ எடுத்துக் காட்டற மாதிரி.

இதுல இன்னொரு விஷயம். ஒரு தடவை கேட்டா தவில் சத்தமாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் கேட்டிருக்கேன். திரும்பத் திரும்பப் பாக்கும்போதுதான் உள்ள இருக்கிறது வெளிய வருது. அன்னிக்கு அந்தத் தம்பியோட உக்காந்து முகூர்த்தத்தை எட்டு, ஒன்பது தடவை பாத்திருப்பேன்.

முதல் தடவை: தாலி, மஞ்சள் அரிசி, அழற அத்தை. மேளம் எங்கயோ அடிக்குது.

மூணாவது தடவை: தாளம் போடற பெரியவர் மாப்பிள்ளையைப் பாக்கவே இல்ல. தவில்காரரோட இடது தோளையே பாத்துக்கிட்டு இருக்காரு.

நாலாவது தடவை: ஏன் பாக்கறாருன்னு தெரிஞ்சிச்சு. கெட்டி மேளத்துக்குச் சைகை வர்றதுக்கு ஒரு நொடி முன்னால அந்த இடது தோள் மேல எழும்பி, நிக்குது. கழி விழல. ஒரே ஒரு அடி இடம் காலியா இருக்கு. அந்த வெறும் இடம்தான் பக்கத்துத் தவிலுக்கும் தாளத்துக்கும் உத்தரவு. அதுக்கப்புறம்தான் எல்லாம் சேர்ந்து இடி மாதிரி விழுது. அந்தத் தம்பி சட்டுனு நிமிந்து உக்காந்தாப்ல. "இதுதாண்ணே. நான் அடியில தேடிக்கிட்டு இருந்தேன். அவுக அடிக்காம விட்டுருக்காக."

ஆறாவது தடவை: தவில்காரர் கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்கறாரு. எதுக்கு? மணவறை தெரியல. நடுவுல வீடியோக்காரர், போட்டோக்காரர், லைட்டுப் பையன், அப்புறம் செல்போனைத் தூக்கிப் பிடிச்ச சொந்தக்காரங்க. ஐயர் விரலை ஆட்டறது அவருக்குத் தெரியணும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் வீட்டுக்காரங்க அவரைத்தான் கடிப்பாக. அந்த நேரத்துல தும்மலோ அபசகுனப் பேச்சோ காதுல விழக் கூடாதுன்னுதான் கெட்டி மேளம்னு பெரியவங்க சொல்லுவாக. அந்தப் பொறுப்பை ஒரு மனுசன் கையில குடுத்துட்டு அவர் கண்ணை மறைச்சிக்கிட்டு நிக்கிறோம்!

எட்டாவது தடவை அந்தத் தம்பிதான் காட்டினாப்ல. கெட்டி மேளத்துக்கு நடுவுல வலது கையில ஒரு விரல்கூடு கழண்டு விழுந்துடுச்சு. வெறும் விரல். நாதஸ்வரக்காரர்கூட திரும்பிப் பாக்கல, ஏன்னா சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. மத்த விரலும் கழியும் அந்தக் குறையை வாங்கிக்கிச்சு. இதை அந்த மண்டபத்துல இருந்த ஐநூறு பேர்ல யாராச்சும் பாத்திருப்பமா?

அப்புறம் மாப்பிள்ளை அழைப்புக் காட்சி. சினிமாப் பாட்டை மியூட்ல போட்டுட்டு, அப்பா கையைப் பாத்துப் பாத்து அந்தத் தம்பி வாயால சொல்லு சொல்லிக்கிட்டே வந்தாப்ல. முப்பத்தெட்டு விநாடி. முடிஞ்சதும் திரும்ப. முடிஞ்சதும் திரும்ப. எங்க வீட்டுக்காரம்மா காபி கொண்டு வந்து வச்சிட்டு ஒண்ணும் பேசாம நின்னுக்கிட்டு இருந்தாக.

*

சரி, நம்ம ஊருக்கு இது புதுசா? இல்லை. நம்ம ஊருக்குத்தான் இது தெரிஞ்சிருக்கணும்.

குன்னக்குடி வைத்தியநாதன் (1935 - 2008) நமக்குக் கூப்பிடு தூரத்து ஊர்க்காரர். வயலின் கச்சேரின்னா பக்கவாத்தியம் மிருதங்கம்னு இருந்ததை விட்டுட்டு வலையப்பட்டி சுப்பிரமணியம் தவிலைப் பக்கத்துல உக்கார வச்சு ஊர் ஊரா வாசிச்சவர். தவில் சத்தம், வயலின் தாங்காதுன்னு சொன்னவங்க வாயை அடைச்ச ஜோடி அது. அந்த வீடியோக்கள் யூடியூப்ல கிடைக்குது. முதல் தடவை குன்னக்குடியோட நெத்தியையும் சிரிப்பையும் பாருங்க, தப்பில்ல. ரெண்டாம் தடவை வலையப்பட்டியை மட்டும் பாருங்க. வயலினுக்கு அடங்கி வாசிக்கும்போது அந்தக் கழி எவ்வளவு மெல்ல வருதுன்னு கவனிங்க. அவ்வளவு பெரிய மேளத்தைக் கிசுகிசுக்க வைக்கிறது வேகமா அடிக்கிறதைவிடக் கஷ்டம்.

காரைக்குடி மணி (1945 - 2023) ஊர்ப் பேரையே முன்னால போட்டுக்கிட்டு உலகம் பூரா மிருதங்கம் வாசிச்சவர். ஸ்ருதி லயான்னு குழு வச்சு, தாள வாத்தியங்களே கச்சேரி செய்யலாம்னு காட்டினவர். ஆனா நம்ம சபா வழக்கம் என்ன? தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா கேண்டீன்ல கூட்டம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. அதுக்குள்ள மூணு, நாலு, அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு நடையை மாத்தி மாத்திப் போய், கடைசியில எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டு வந்து இறக்குவாங்க. அந்த நேரத்துல நாம கீரை வடை தின்னுக்கிட்டு இருப்போம்.

சினிமாவுக்கு வாங்க. தில்லானா மோகனாம்பாள், 1968. சிவாஜி பிடிச்சிருந்த நாதஸ்வரத்துக்குப் பின்னால மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் இருந்தாங்கன்னு டீக்கடையில கேட்டாக்கூடச் சொல்லிடுவாக. பாலையா தட்டின தவிலுக்குப் பின்னால இருந்த கை யாரோடதுன்னு உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. பாலையா மகா நடிகர், அதுல பேச்சே இல்ல. ஆனா அந்த முத்துராக்கு நம்ம மனசுல சிரிப்பாத்தான் தங்கி இருக்காரு. வித்வான்னா குழல் பிடிச்சவரு. தவில்காரர்னா பக்கத்துல உக்காந்து தமாசு பண்றவரு. இந்தப் புத்தி படத்துல இருந்து வந்ததா, நம்மகிட்ட இருந்து படத்துக்குப் போச்சா?

பழைய கதை ஒண்ணு. சுயமரியாதை இயக்கக் காலத்துல, இதே கானாடுகாத்தான்ல ஒரு கல்யாண ஊர்வலம். நாதஸ்வர வித்வான் சிவக்கொழுந்து தோள்ல துண்டு போட்டு வாசிச்சாரு. துண்டை எடுன்னாக. பட்டுக்கோட்டை அழகிரி நடுவுல வந்து, எடுக்காதேன்னு நின்னாரு. இன்னிக்கு யாரும் துண்டை எடுக்கச் சொல்றதில்ல. அந்த மட்டும் முன்னேறிட்டோம். துண்டு தோள்ல இருக்கா இல்லையான்னுகூடப் பாக்கிறதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம். அன்னிக்கு அந்த ஆளை உத்துப் பாத்து அவமானப்படுத்தினாக. நாம பாக்காமலே பண்றோம்.

*

இப்ப வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"கல்யாணம்னா பொண்ணு மாப்பிள்ளைதான், தவிலையா எடுக்கச் சொல்றீங்க?" எங்க வீடியோக்காரர்கிட்டயே போய்க் கேட்டேன். அவர் பதில்: "சார், தாலி கட்டறப்ப நான் தவிலை எடுத்துக்கிட்டு இருந்தா நீங்க பாக்கிக் காசு தருவீங்களா?" நியாயம்தான். மெயின் கேமராவைத் திருப்பச் சொல்லல. மேடை ஓரத்துல ஒரு ஸ்டாண்டு, அதுல ஒரு செல்போன். நாதஸ்வரம், தவில், தாளம் எல்லாம் ஒரே பிரேம்ல. வெட்டாம, ஒட்டாம. முகூர்த்தம் முடியற வரைக்கும் ஓடட்டும். டிரோன் விட்டு மண்டபத்து மொட்டை மாடியை எடுக்கக் காசு இருக்கு, இதுக்கு இல்லையா?

"இதை எல்லாம் யாருங்க திரும்பப் பாக்கப் போறா?" அமெரிக்காவுல இருக்கிற என் மச்சான் பையன் ஒரு வீடியோ காட்டினான். டிரம் கோர்னு ஒரு கூத்து. இருபத்திரெண்டு வயசுக்குள்ள பசங்க, டிரம்மும் பித்தளை ஊதுகுழலும் வச்சிக்கிட்டு மைதானம் பூரா அணிவகுத்துப் போய்க்கிட்டே வாசிக்கிறாங்க. ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் இண்டியானாபொலிஸ் ஸ்டேடியத்துல இறுதிப் போட்டி. அந்த வீடியோவை ரெண்டு விதமா விக்கிறாங்க. ஒண்ணு பல கேமரா வச்சு வெட்டி வெட்டிக் காட்டறது. இன்னொண்ணு மேல இருந்து ஒரே கேமரா, மொத்த அணியும் கடைசி வரைக்கும். ரசிகர்கள் அதைப் பத்து தடவை, இருபது தடவை பாக்கறாங்களாம். எவன் குச்சி எவ்வளவு உயரம் எழும்புது, எவன் காலு அரை அடி தள்ளி விழுதுன்னு அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சு மேயறாங்க. கல்லூரிப் பசங்க வாசிப்புக்கு அங்க இவ்வளவு கண்ணு. தலைமுறை தலைமுறையா வாசிக்கிறவங்களுக்கு இங்க முப்பத்தெட்டு விநாடி. அதுலயும் டூயட்டு.

"தவில் காது கிழியுது சார், அதான் செண்டை மேளம் வச்சிட்டோம்." அட ராமா! செண்டை என்ன கிசுகிசுன்னா பேசுது? செண்டைக் கலைஞர்கள் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. திருச்சூர் பூரத்துல இலஞ்சித்தறை மேளம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல நடக்கும். கூட்டம் கேண்டீனுக்குப் போறதில்ல. கையைத் தூக்கித் தாளத்தோட வீசிக்கிட்டே நிக்குது. எங்க ஏறும், எங்க மாறும்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக் கண்ணும் காதும் அந்த ஊர்க்காரங்க கத்துக்கிட்டது. நாம அந்த மேளத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கிட்டு வந்து, அதையும் பாக்காம செல்ஃபி எடுத்துக்கிட்டு நிக்கிறோம். பாக்கத் தெரியாதவனுக்குத் தவிலும் ஒண்ணுதான், செண்டையும் ஒண்ணுதான், ஜெனரேட்டரும் ஒண்ணுதான்.

"பெரிய வித்வான்களுக்கு எல்லாம் ரெக்கார்டிங் இருக்கே?" இருக்கு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933 - 1975) மாதிரி மேதைக்கு, அவர் போய் நாப்பது வருஷம் கழிச்சு அம்ஷன் குமார் ஆவணப்படம் எடுத்தாரு, தேசிய விருதும் கிடைச்சுது. மகராசனா இருக்கட்டும். ஆனா நம்ம தெருக் கல்யாணத்துக்கு வாசிச்சவருக்கு யார் எடுப்பா? அவருக்கு நம்ம வீட்டுக் கல்யாண வீடியோதான் ஆவணப்படம். வேற ஒண்ணும் கிடையாது. அதுலதான் நாம டூயட்டை ஒட்டி வச்சிருக்கோம்.

*

இவ்வளவு நேரம் ஊரைத் திட்டியாச்சு. இப்ப என் பங்கு.

ரெண்டாவது டிவிடியில காலை டிபன் காட்சி. கேசரி, இட்லி, சிரிச்சிக்கிட்டே கையெடுத்துக் கும்பிடற சம்பந்தி. பின்னால ஓரமா மேளம் உக்காந்திருக்கு. பட்டு வேட்டி கட்டின ஒருத்தர் வேகமாப் போய்க் குனிஞ்சு தவில்காரர் காதுல என்னமோ சொல்றாரு. தவில்காரர் தலையாட்டறாரு. கழியைக் கீழ வச்சிட்டு, வெறும் விரலால தொட்டுத் தொட்டு வாசிக்க ஆரம்பிக்கிறாரு. பட்டு வேட்டி திரும்பி கேமராவைப் பாத்துச் சிரிக்குது.

அந்தப் பட்டு வேட்டி நான்தான். என்ன சொன்னேன்னு நல்லா ஞாபகம் இருக்கு. "பேசறது கேக்கல, கொஞ்சம் சத்தத்தைக் கம்மி பண்ணுங்க." பதினஞ்சு வருஷத்துக்கு மேல அந்த டிவிடி எங்க வீட்டுல கிடந்திருக்கு. நாலஞ்சு தடவையாவது பாத்திருக்கோம். ஒரு தடவைகூட என் கண்ணுல இது படல. அந்தத் தம்பி பக்கத்துல உக்காந்து பாக்கும்போதுதான் பட்டுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாவுக்குப் பக்கத்துல ரெண்டாவது தவில் வச்சிருக்கிறது நான்தாண்ணே. பாருங்க, நானும் அவுக கையைப் பாக்கல. கூட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்"னாப்ல. டிவியில பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வாசலைப் பாத்துக்கிட்டே தவிலைத் தட்டிக்கிட்டு இருந்தான்.

அதனால இது வீடியோக்காரருக்கு மட்டும் எழுதினது இல்ல. கூலி குடுத்தவன் என்ன கேட்டானோ அதைத்தான் அவர் எடுத்தாரு. கேட்டவன் நான். மண்டபத்துப் பேரு, சமையல்காரர் பேரு, ஸ்டூடியோ பேரு எல்லாம் டைட்டில்ல ஓடுது. மேளக்காரங்க பேரு இல்ல. போடணும்னு எனக்கும் தோணல.

அடுத்து நம்ம வீடுகள்ல விசேஷம் வரும். அப்ப மூணே மூணு செய்யுங்க. ஒண்ணு, ஓரமா ஒரு ஸ்டாண்டு, வெட்டாத ஒரு வீடியோ, ரெண்டு கையும் தெரியணும். ரெண்டு, அந்தச் சத்தத்து மேல சினிமாப் பாட்டை ஒட்டாதேன்னு ஸ்டூடியோவுல கண்டிப்பாச் சொல்லுங்க. மூணு, அந்த வீடியோவை ஒரு பென்டிரைவ்ல போட்டு மேளக்காரங்க கையில குடுத்துட்டு, அவங்க பேரைக் கேட்டு டைட்டில்ல போடுங்க. காசுன்னு பாத்தா வெத்தலை பாக்குச் செலவுகூட ஆகாது.

அந்தத் தம்பிக்கு மூணு டிவிடியையும் காப்பி போட்டுக் குடுத்தேன். வர்ற தையில எங்க மச்சினர் பொண்ணு கல்யாணம், மேளம் அவருதான். ஸ்டாண்டு வாங்கியாச்சு.

பி.கு.: உங்க வீட்டுப் பழைய கல்யாண கேசட்டு, சிடி, டிவிடி எது இருந்தாலும் இந்த வாரம் ஒரு தடவை போட்டுப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டு மேளத்தை மட்டும் பாருங்க. ரெண்டு கையும் தெரியற விநாடி எத்தனைன்னு எண்ணிப் பின்னூட்டத்துல சொல்லுங்க. முப்பத்தெட்டைத் தாண்டினவங்களுக்கு எங்க வீட்டுல வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் உறுதி. ஆட்டோ அனுப்ப நினைச்சவங்களும் அதே ஆட்டோவுல வரலாம் :-)